டாக்டர் போனில் வருகிறார்... நீங்கள் தயாரா?

"வைத்தியரய்யா, இந்தா கையை நீட்டுதேன். நாடி பாருங்க!"

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்து ஆச்சி ஒருவர், கைப்பேசித் திரைக்கு முன்னால் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். முழங்கால் வலியால் பஸ் ஏறி இறங்க முடியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேரன்தான் வீடியோவில் என்னைக் கூப்பிட்டிருந்தான். ஆச்சி கேட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆச்சி கேட்டதில் என்ன தவறு? வைத்தியர் என்றால் கையைப் பிடித்துப் பார்ப்பவர். அந்தக் கை இல்லாமல் வைத்தியம் எப்படி? ஆச்சிக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், போனில் டாக்டரைப் பார்க்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இது புதுசா?

தொலைவிலிருந்தே வைத்தியம் பார்ப்பது நேற்று வந்த சங்கதி அல்ல. ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்று ஒரு கிராமம். அங்கே 2000-ஆம் ஆண்டிலேயே அப்போலோ மருத்துவமனை தொலைமருத்துவ மையம் தொடங்கிவிட்டது. நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பல ஊர்களில் பார்வை மையங்கள் வைத்து நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள். டாக்டர் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து திரை வழியாக நோயாளியோடு பேசுவார்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு முறையான விதிகளை வெளியிட்டது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மருத்துவர்களுக்கும் அடுத்த மாதமே தனி விதிகள் வந்தன. 'போனில் மருந்து எழுதித் தருவது சட்டப்படி சரியா?' என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. அதே ஏப்ரல் 13-இல் 'இ-சஞ்சீவனி' என்ற இலவச அரசு சேவை வீடுகளுக்கே வந்தது. 2023 பிப்ரவரிக்குள் அதில் நடந்த ஆலோசனைகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன!

ஒன்றைக் கவனியுங்கள். அரவிந்த் மையத்தில் டாக்டரின் கையாகவும் கண்ணாகவும் இருக்க, பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்யப் போவது யார்? நீங்கள்தான்! தயாராக வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

எட்டில் எத்தனை போனில் வரும்?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று எண்வகைத் தேர்வு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நோயைக் கணிக்க வைத்தியன் பார்க்க வேண்டிய எட்டு விஷயங்கள் இவை. இந்த எட்டையும் போனுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

மொழி, அதாவது குரலும் பேச்சும் ஓரளவு வரும். நா, நிறம், விழி மூன்றும் வெளிச்சம் நன்றாக இருந்தால் வரும். மலமும் மூத்திரமும் நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நாடியும் ஸ்பரிசமும் வரவே வராது. 'போனிலேயே நாடி பார்க்கிறேன்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அலோபதி டாக்டருக்கும் இதே கதைதான். ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது. ஆக, எந்த டாக்டராக இருந்தாலும் குறைகிற பாதியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

வெளிச்சம்: என் தவறிலிருந்து ஒரு பாடம்

விசைத்தறி ஓட்டும் ஒருவர், இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வந்தார். "பசியே இல்லை அய்யா. குமட்டுது. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். கண்ணைக் காட்டச் சொன்னேன். வெள்ளையாகத்தான் தெரிந்தது. அஜீரணம் என்று நினைத்து மருந்து சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் நேரில் வந்து நின்றார். வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், இரண்டு கண்ணும் மஞ்சள்! காமாலை! உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நல்லபடியாகத் தேறிவிட்டார். ஆனாலும் அந்த மூன்று நாள் தாமதம் என் தவறு. "சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். அவரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கைப்பேசிக் கேமரா ஒரு தந்திரக்காரன். விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே மாற்றிக் காட்டும். சில போன்களில் முகத்தை அழகாக்கிக் காட்டும் வசதி வேறு இருக்கிறது. கல்யாண போட்டோவுக்கு அது சரி, காமாலைக்குச் சரிப்படுமா? அதனால் இவற்றைக் கவனியுங்கள்.

முடிந்தவரை பகல் நேரம் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். அழகாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

நாக்கைக் காட்ட வேண்டியிருந்தால் அதற்கு முன் காபி, வெற்றிலை பாக்கு, கலர் மிட்டாய் எதுவும் வேண்டாம். நாக்கை வழிக்கவும் வேண்டாம். அதில் படிந்திருப்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

தோலில் படை, தடிப்பு, புண் இருந்தால் பகல் வெளிச்சத்தில் இரண்டு படங்கள் எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். ஒன்று, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று எடுத்தது. இன்னொன்று கிட்டத்தில். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் எவ்வளவு பெரிது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் தோல் நோய் என்றால் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கேமராவுக்கு முன்னால் உட்காரும்போது மண்ணையும் மஞ்சளையும் பவுடரையும் கழுவித் துடைத்துவிட்டுக் காட்டுங்கள்.

வெட்கப்பட்டால் வைத்தியம் இல்லை

நேரில் வரும்போதே மலம், மூத்திரம் பற்றிக் கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீடியோவில் கேட்கவே வேண்டாம். "எல்லாம் சரியாத்தான் போகுது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று உண்டு. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரின் நிறம், மணம், நுரை இவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. வீட்டில் நீங்கள் எண்ணெய் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்து வைத்தால் போதும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எரிச்சல் உண்டா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?

மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் குடலுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சிறுநீரைப் பளிச்சென்று மஞ்சளாக்கும். பீட்ரூட் சிவப்பாக்கும். மலம் வெளுத்து, சிறுநீர் கட்டங்காபி போலப் போனால் காமாலையாக இருக்கலாம். எனவே நிறத்தோடு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்!

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பல வருடங்களாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். ஒழுங்கானவர், ஒரு வேளைகூடத் தவறாது. அப்படியிருந்தும் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் என்னை வீடியோவில் பிடித்தார்.

"வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா சார்?"

"ஒண்ணுமில்லை டாக்டர்."

"கஷாயம், லேகியம், சூரணம்?"

"அதெல்லாம் கிடையாது. இருமலுக்கு அதிமதுரம் மட்டும் வாயில் அடக்கிக்கிறேன். அது மருந்தா என்ன? வேர்தானே!"

கேட்டால், இரண்டு மாதமாகத் தினமும் நாலைந்து துண்டு! அதிமதுரம் அருமையான மூலிகைதான். ஆனால் அளவு மீறி, நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது என்பதற்காக அது மருந்தில்லை என்று ஆகிவிடாது. அதிமதுரத்தை நிறுத்தச் சொன்னேன். மாத்திரையை என்ன செய்வது என்று அவருடைய டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். சில வாரங்களில் அழுத்தம் பழைய அளவுக்கு இறங்கியது.

நேரில் வந்திருந்தால் அவர் சட்டைப் பையில் இருந்த வேர்த்துண்டை நானே பார்த்திருப்பேன். போனில் பை தெரியாது! அதனால் டாக்டரிடம் பேசுவதற்கு முன், வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். மாத்திரை அட்டை, டானிக், கஷாயப் பொடி, லேகியம், தைலம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொட்டலம், சத்து மாவு, தூக்க மாத்திரை என்று ஒன்று விடாமல். மாத்திரை அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பெயரைப் படிக்கத் தெரியாவிட்டால் கேமராவில் காட்டினால் போதும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எதற்குத் தடிப்பு வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எண்களைத் தயாராக வையுங்கள்

'காய்ச்சல் கொதிக்குது' என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. '101 டிகிரி, ராத்திரி ஒன்பது மணிக்கு' என்றால் பாதி வேலை முடிந்தது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தக் கருவி வீட்டில் இருந்தால், காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வைக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

சர்க்கரை என்றால் வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா என்பது முக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகப்பூச்சு ஆகாது. கை ஜில்லென்று இருந்தாலும் தப்பாகக் காட்டும். எண் 94-க்குக் கீழே போனால் பேச்சைத் தொடங்கியதும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் எந்தக் கருவியும் வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு தாள் போதும்

முந்தின நாளே ஒரு தாளில் இதை எழுதி வையுங்கள்.

1. பெயர், வயது, எடை, ஊர். பெண்களானால் கடைசி மாதவிலக்குத் தேதி. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பது.

2. முக்கியமான தொந்தரவு ஒன்று. என்று தொடங்கியது? எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

3. பழைய நோய்கள், ஆபரேஷன்கள்.

4. இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள்.

5. எடுத்த அளவுகள், தேதியும் நேரமும் சேர்த்து.

6. பசி, தூக்கம், மலம், சிறுநீர்.

7. டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்.

பழைய ரிப்போர்ட்டுகளைப் படம் எடுக்கும்போது தாள் முழுவதும் தெரிய வேண்டும். பெயரும் தேதியும் வெட்டுப்பட்டுப் போனால் அது யாருடைய ரிப்போர்ட் என்றே தெரியாது.

எங்கே உட்காருவது? யார் கூட இருப்பது?

எங்கள் ஊரில் பல வீடுகளில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆடித்தபசு நாட்களில் ஒலிபெருக்கி வேறு. பேசும் நேரத்துக்கு மட்டுமாவது சத்தம் இல்லாத இடம் பாருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். கையில் பிடிக்காமல் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து வையுங்கள். வீடியோ அறுந்து போனால் சாதாரண அழைப்பில் தொடரலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும் என்பது விதி. காது கேட்காத பெரியவர்களுக்கும் துணை வேண்டும். ஆனால் கேள்வி கேட்டால் பாட்டியைப் பதில் சொல்ல விடுங்கள்! நீங்களே முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பேசும் விதத்திலேயே, அந்த மூச்சு வாங்கலிலேயே நாங்கள் பாதியைக் கண்டுபிடிப்போம். எட்டில் 'மொழி' என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று. வெள்ளைப்படுதல், மாதவிலக்குத் தொந்தரவு, மனக்கவலை இதையெல்லாம் மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள். நேரில் வந்தால் நான் மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்வேன். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

'இ-சஞ்சீவனி'யில் பதிவு செய்யும்போது போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைச் செயலியில் மட்டும் போடுங்கள். கூப்பிட்டுக் கேட்கும் யாரிடமும் சொல்லாதீர்கள். தனியார் டாக்டரானால் மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேசி முடிக்கும் முன்...

மருந்து, அளவு, வேளை, பத்தியம், எத்தனை நாள் எல்லாவற்றையும் நீங்கள் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். "அப்படின்னா காலையில் ஒன்று, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று, சரிதானே டாக்டர்?" என்று கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். 'எது நடந்தால் நேரில் வர வேண்டும், எத்தனை நாளில் குறையவில்லை என்றால் கூப்பிட வேண்டும்?' என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் "இதற்கு நேரில் வாங்க" என்றால் வற்புறுத்தாதீர்கள். விதிப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. வேண்டாம் என்று நிறுத்த உங்களுக்கும் உரிமை உண்டு. பாதரசம் சேர்ந்த செந்தூரம் போன்றவற்றை நான் போனில் எழுதித் தருவதே இல்லை. உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் அந்த மருந்துகளில் கை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

போனே கூடாத நேரங்கள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுதல், திடீரென்று கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், ரத்த வாந்தி, பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பால் குடிக்காத பச்சிளங்குழந்தை... இவற்றில் எதற்கும் வீடியோ வைத்தியம் கிடையாது. நான் உள்பட எந்த டாக்டருக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே 108! மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது.

ஆச்சிக்கு என்ன சொன்னேன்?

"ஆச்சி, போனில் நாடி பார்க்க எனக்குத் தெரியாது. வாதம், பித்தம், கபம் மூன்றையும் மூன்று விரலால் தொட்டுப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் உங்க பேரனுக்கு விரல் இருக்கே! அவனை எண்ணச் சொல்லுங்க" என்றேன்.

பையன் சிரிப்பை நிறுத்தினான். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற விரல்களை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினான். பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது 60-லிருந்து 100 வரை இருக்கலாம்.

"எண்ண முடியலை டாக்டர்" என்றான். "நாலு தடவை வேகமா அடிக்குது, அப்புறம் நிக்குது. மறுபடியும் ரெண்டு... ஒழுங்கே இல்லை."

இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். அதே கதை. "நெஞ்சு படபடப்பு உண்டா ஆச்சி?" என்று கேட்டேன். "அது ஒரு மாசமா இருக்குய்யா. வயசாச்சுல்லா, அதைப் போய் என்னத்தச் சொல்ல?" என்றார். மூட்டு வலி மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு, காரில் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். இ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று உறுதியானது. இப்படிப்பட்ட துடிப்பைக் கவனிக்காமல் விட்டால் இதயத்தில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய், பக்கவாதம்வரை கொண்டுபோய் விடலாம். இப்போது இதய டாக்டர் கொடுத்த மருந்தில் ஆச்சி நன்றாக இருக்கிறார். மூட்டு வலிக்கு, அந்த டாக்டருக்கும் தெரிவித்துவிட்டு, வெளியே தேய்க்கும் தைலம் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஆச்சியின் நாடியைத் தொட்டது நான் அல்ல, அவர் பேரன். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். டாக்டர் போனில் வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.